‘சும்மா தைக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: எனக்கு வயது 39. ஈரோட்டில் ஒரு நூல் வியாபாரக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 26,500 ரூபாய். பெண் எட்டாம் வகுப்பு, பையன் நான்காம் வகுப்பு, அம்மாவும் எங்களோடுதான். சிறிய சொந்த வீடு. மனைவி வீட்டில்தான் இருக்கிறார், சும்மா இருக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். கிரெடிட் கார்டில் 48,000 பாக்கி ஓடுகிறது, மினிமம் டியூ தவறாமல் கட்டிவிடுகிறேன். ஒரே சம்பளத்தை நம்பக் கூடாது, ஏழு வழிகளில் வருமானம் வர வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சாயங்காலத்தில் பைக் டாக்சி ஓட்டிப் பார்த்தேன். மாதம் 8,400 வந்தது, உடம்பு முடியாமல் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். இப்போது சீட்டு முடிந்து 1,80,000 ரூபாய் கையில் இருக்கிறது. லட்சத்துக்கு மாதம் 6,000 தரும் இடம் ஒன்று இருப்பதாக நண்பர் சொல்கிறார். இன்னொருவர் ஆப்ஷன் டிரேடிங் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். யூடியூப் சேனல் ஆரம்பிக்கும் யோசனையும் உண்டு. எதில் இறங்கலாம்?

பதில்: நான் கேட்டதற்கு இரண்டாவது கடிதத்தில் கிலோமீட்டர் கணக்கு, தையல் கூலிக் கணக்கு எல்லாம் எழுதி அனுப்பியதற்கு நன்றி. கணக்குப்பிள்ளையின் கடிதம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஒரே ஒரு குறை. கம்பெனிக் கணக்கில் ஒரு பைசா விடாமல் எழுதுகிறவர், வீட்டுக் கணக்கில் பாதியை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

முதலில் பைக் டாக்சியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அதை விட்டுவிட்டாலும், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் நல்ல அளவுகோல். மாதம் இருபது நாள், ஏழு மணி முதல் பத்தரை வரை. ஒரு நாளைக்கு சராசரி 420 ரூபாய் வசூல். ‘பெட்ரோல் எப்படியும் போடுவதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி? சவாரியில்லாமல் காலியாக ஓடியதையும் சேர்த்தால் ஒரு இரவுக்கு 65 கிலோமீட்டர். உங்கள் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர், அதாவது 146 ரூபாய். ஆப்புக்கு தினமும் கட்டிய 30. ஆயில், டயர், பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட் தேய்மானத்துக்கு குறைத்துப் போட்டாலும் 60. மிச்சம் 184 ரூபாய். மூன்றரை மணி நேரத்துக்கு 184 என்றால் மணிக்கு 52 ரூபாய் சொச்சம். நீங்கள் 8,400 என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 3,680.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பைக் பாலிசியை எடுத்து ‘உபயோக வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ வண்டியை ஓட்டினால் பாதுகாப்பு இல்லை என்று ஒரு வரி இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு, வண்டியின் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பெருந்துறை ரோட்டில் விழுந்திருந்தால், கிளெய்ம் போடும் இடத்தில் அந்த வரியைத்தான் முதலில் காட்டியிருப்பார்கள். நல்ல வேளை, உடம்பு முடியாமல் போனது.

சரி, இப்போது ‘சும்மா’ என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

உங்கள் மனைவி மாதம் இருபத்திரண்டு லைனிங் பிளவுஸ் தைக்கிறார். கூலி 250. அதில் லைனிங் துணி அவருடையது, தெருமுனைக் கடையில் மீட்டர் 65-க்கு வாங்குகிறார். நூல், ஹூக் பத்து ரூபாய். ஆக ஒரு பிளவுஸில் நிற்பது 175. வெட்டுவது, தைப்பது, ஹெம்மிங், ஹூக் எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். மணிக்கு 70 ரூபாய். மாதத்துக்கு 3,850.

மறுபடி ஒரு முறை பாருங்கள். நீங்கள் இருபது இரவு, எழுபது மணி நேரம் ரோட்டில் புகை குடித்துச் சம்பாதித்தது 3,680. அவர் ‘சும்மா இருக்கும் நேரத்தில்’, ஐம்பத்தைந்து மணி நேரத்தில், சோறும் வடித்துக்கொண்டு சம்பாதித்தது 3,850. பெட்ரோல் இல்லை, விபத்து பயம் இல்லை. அதுவும் கூலியை ரொம்பக் குறைத்து வாங்கியே இவ்வளவு. இரண்டாவது வருமானம் எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் தேடிவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டு ஜன்னலோரம் நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னிடம் வரும் பத்து குடும்பங்களில் ஏழெட்டில் இதே கதைதான். ஆண் கொண்டுவந்தால் வருமானம், பெண் கொண்டுவந்தால் கைச்செலவு.

அந்த 3,850 எங்கே போகிறது என்பதையும் சொல்லவா? உங்கள் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம். 48,000-க்கு 1,680 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 302. மொத்தம் 1,982. நீங்கள் மினிமம் டியூ என்று கட்டும் 2,400-ல் அசலுக்குப் போவது நானூறு சொச்சம்தான். கூடவே இன்னொரு கேடும் உண்டு. பாக்கி ஓடுகிற கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அந்த 45 நாள், 50 நாள் சலுகையெல்லாம் முழுதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். ஒரு பிளவுஸுக்கு 175 என்றால், மாதம் பதினோரு பிளவுஸ் உங்கள் மனைவி கார்டு கம்பெனிக்காகத் தைக்கிறார். அவருடைய உழைப்பில் சரிபாதி. கழுத்து வலி அவருக்கு, கூலி அவர்களுக்கு.

அதனால் சீட்டுப் பணத்தில் முதல் 48,000 கார்டுக்கு. யோசிக்கவே வேண்டாம், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஆப்பைத் திறந்து கட்டிவிடுங்கள். அந்த நிமிடத்திலிருந்து மாதம் 1,982 மிச்சம். வேலை இல்லை, முதலாளி இல்லை, ரிஸ்க் இல்லை. வீடியோக்காரர்கள் சொல்லும் ஏழு வழியில் இது ஏன் வருவதில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான். இதில் கோர்ஸ் விற்க முடியாது என்பதாலோ என்னவோ.

அடுத்து, லட்சத்துக்கு மாதம் 6,000. ஆண்டுக்கு 72 சதவீதம். வங்கி டெபாசிட் ஆறு, ஏழு சதவீதத்தில் நிற்கிறது. எழுபத்திரண்டு சதவீதம் நேர்மையாகச் சம்பாதிக்கத் தெரிந்தவனுக்கு உங்கள் பணம் எதற்கு? அவன் வங்கியில் கடன் வாங்கி, பன்னிரண்டு சதவீதம் வட்டி கட்டிவிட்டு மீதியைத் தானே வைத்துக்கொள்வானே.

வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பேன். ஈரோட்டுக்காரர் கேட்கலாமா இதை? 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் கவிழ்ந்தபோது உங்களுக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சும் கொடுத்து, தீவனமும் கொடுத்து, மாதம் ஆறாயிரமும் கொடுப்போம் என்றார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்கு ஒழுங்காக வந்தது. வாங்கியவர்கள் தம் மச்சானையும் மாமனாரையும் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டிய நிலை வந்தது. உங்கள் நண்பருக்கு மூன்று மாதமாகப் பணம் வருகிறது என்கிறீர்கள். வரட்டும். ஈமுவிலும் வந்தது. முறையான அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதையே தடை செய்து 2019-ல் மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் ஆளைப் பிடிக்கும், வழக்கு நடக்கும். பணம் திரும்பி வருவதற்குள் உங்கள் பெண் கல்லூரி முடித்திருப்பாள். நண்பரிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. ‘கார்டை அடைத்துவிட்டேன், கையில் காசில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

ஆப்ஷன் டிரேடிங்கை இரண்டு வரியில் முடிக்கிறேன். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்டு ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியே 2024-ல் கணக்கெடுத்து வெளியிட்டது. பகலில் வேலையில் இருக்கிற ஆள், டாய்லெட்டுக்குப் போய் போனில் பார்த்து மீதி ஏழு சதவீதத்தில் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பது வீண் ஆசை.

யூடியூப் தப்பில்லை, ஆனால் இப்போதைக்கு அது வருமானம் இல்லை. நீள வீடியோ போட்டு விளம்பரப் பணம் வர ஆயிரம் சப்ஸ்கிரைபரும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். நாலாயிரம் மணி என்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் நிமிடம். ஒருவர் நாலு நிமிடம் பார்க்கிறார் என்றால் அறுபதாயிரம் முறை ஓட வேண்டும். அதைத் தாண்டிய பிறகுதான் பைசா எண்ண ஆரம்பிக்கலாம். உங்கள் பெண்ணுக்கு ஆசை இருந்தால் அம்மா பிளவுஸ் வெட்டுவதை எடுத்துப் போடட்டும், ஆர்டர் வர உதவும். நீங்கள் கேமரா முன்னால் நிற்க வேண்டாம்.

‘தூங்கும்போதும் வருமானம்’ என்று சொல்கிறார்களே, அதற்கு நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். ஒரு நண்பரின் ஜெராக்ஸ் கடையில் பங்கு போட்டேன். மாதா மாதம் பங்கு வீட்டுக்கு வரும், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது பேச்சு. மூன்றாவது மாதம் வேலைக்கு இருந்த பையன் நின்றுவிட்டான். அப்புறம் ஆறு மாதம், ஆபீஸ் முடிந்து போய் நான்தான் பேப்பர் கட்டு பிரித்து மெஷினில் அடுக்கினேன். கையெல்லாம் டோனர் கறை. பங்கை விற்றுவிட்டு வந்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். வழி ஒன்று கூடினால் கவனிக்க ஆள் ஒன்று கூட வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதனால் ஆளுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

முதலாவது, தையல். இது உங்கள் தொழில் அல்ல, மனைவியின் தொழில். அவருக்கு இஷ்டம் இருந்தால் மட்டுமே கீழே எழுதுவது எல்லாம். முதலில் அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

அம்மா, உங்கள் ஏரியாவில் கடைகளில் லைனிங் பிளவுஸுக்கு 350, 400 வாங்குகிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரரே எழுதியிருக்கிறார். நீங்கள் 250-ல் நிற்கிறீர்கள். காரணமும் எழுதியிருக்கிறார், ‘தெரிந்தவர்களாச்சே’. தெரிந்தவர்களுக்குத்தான் உங்கள் தையலின் அருமை தெரியும். 330 ஆக்குங்கள். வாயால் சொல்லச் சங்கடமாக இருந்தால் ஒரு அட்டையில் கூலியை எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டிவிடுங்கள். சாதா இவ்வளவு, லைனிங் இவ்வளவு, ஃபால்ஸ் இவ்வளவு, முந்தானைக் குச்சு இவ்வளவு. வாயால் சொன்னால் பேரம் பேசுவார்கள். எழுதி மாட்டியதைப் பார்த்தால் பேசாமல் கொடுத்துவிடுவார்கள், ஏன் என்று தெரியாது, ஆனால் அப்படித்தான் நடக்கிறது. இருபத்திரண்டு பேரில் மூன்று நான்கு பேர் போவார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் பாக்கி வைப்பவர்களாகவே இருப்பார்கள், பாருங்கள்.

லைனிங்கைத் தெருமுனையில் மீட்டர் கணக்கில் வாங்காதீர்கள். கனி மார்க்கெட் உங்கள் ஊரில் இருக்கிறது. திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை. எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் பஸ் ஏறி வருகிற இடம், உங்களுக்கு ஆட்டோ தூரம். அதிகம் போகிற நிறங்கள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். கறுப்பு, மெரூன், பச்சை, ராமர் நீலம், சந்தனம் என்று ‘தான்’ கணக்கில், அதாவது முழுச் சுருளாக எடுத்தால் மீட்டர் 45 அளவுக்கு இறங்கும். மற்ற நிறங்களுக்குத் தெருமுனைக் கடை இருக்கவே இருக்கிறது. ஒரேயடியாக முப்பது நிறம் வாங்கி அடுக்கிவிட வேண்டாம், துணியாக முடங்கும் பணம் சீக்கிரம் வெளியே வராது.

ஹெம்மிங்கையும் ஹூக்கையும் வெளியே கொடுங்கள். ஒரு பிளவுஸில் உங்களுக்கு அரை மணிக்கு மேல் தின்பது அந்தக் கைவேலைதான். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற ஒரு அக்கா தெருவில் கட்டாயம் இருப்பார், பிளவுஸுக்கு 30 ரூபாய் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார். காலால் மிதிக்கும் மெஷினுக்குப் பதில் ஒரு பவர் மெஷின், செகண்ட் ஹேண்டானாலும் பரவாயில்லை, 24,000-க்குள் பாருங்கள். பனியன் கம்பெனிகள் இருக்கிற பக்கம் என்பதால் பழைய மெஷினும் மெக்கானிக்கும் உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைப்பார்கள். இது இரண்டும் சேர்ந்தால் ஒரு பிளவுஸுக்கு ஒன்றரை மணி நேரம்.

இப்போது கணக்கு: 330-ல் லைனிங் 45, நூல் ஹூக் 10, கைவேலை 30 போக 245 நிற்கும். மணிக்கு 163 ரூபாய். மாதம் முப்பது தைத்தால் 7,350, அதுவும் நாற்பத்தைந்து மணி நேரத்தில். இப்போது உட்காருவதைவிட பத்து மணி நேரம் குறைவு.

இந்தத் தொழிலின் கஷ்டம் கூலியில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மெஷின் தூங்கும். ஆவணி, தை, வைகாசியில் முகூர்த்தம் வரிசை கட்டும். தீபாவளிக்கு முதல் வாரம் எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். அந்த வாரத்தில் ‘சரிக்கா, தரேன்’ என்று எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, கடைசி ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து கழுத்துப் பட்டியைத் தப்பாக வைத்தால், நாலு வருடப் பெயர் ஒரே நாளில் போகும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பெயர், போன், வாங்கிய தேதி, கொடுக்கும் தேதி, முன்பணம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் நோட்டு மூடப்பட வேண்டும், அதற்கு மேல் சொந்த அத்தை வந்தாலும் பொங்கலுக்குத்தான். அளவு பிளவுஸைத் தனித்தனி கவரில் பெயர் எழுதிப் போடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வராமல் கத்திரி துணியில் படக் கூடாது. ஆடி மாதத்துக்கு ஃபால்ஸ், முந்தானைக் குச்சு, பட்டுச் சேலையை மடிப்பு வைத்து அயர்ன் செய்து கொடுப்பது, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆல்டரேஷன் என்று சில்லறை வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆரி வேலை இப்போது கற்றுக்கொள்ள வேண்டாம். காசு அதில் நிறையத்தான், கண்ணும் இடுப்பும் அதைவிட நிறையப் போகும். ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை என் பக்கத்திலிருந்து. க்யூஆர் அட்டை உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் போனுக்கு அல்ல. இரண்டு வருடம் அந்தக் கணக்கில் வரவு ஒழுங்காக ஓடினால், நாளைக்குக் கடை போட நினைத்து முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது பேச உங்களுக்கு ஆதாரம் இருக்கும். 50,000 வரை சிசு பிரிவு, அதற்கு மேல் கிஷோர். ஜாமீன் கேட்க மாட்டார்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்கு ஆயிரம், ஐந்நூறு கேட்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள்.

இனி ஐயாவுக்கு. உங்களிடம் இருக்கும் சரக்கு, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலியும் ஜிஎஸ்டியும். பன்னிரண்டு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு பைக் டாக்சி ஓட்டப் போனீர்கள் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். சின்னக் கடைகளுக்கு மாதம் 1,200 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. நாலு கடை பிடித்தால் 4,800. மாதம் இருபத்திரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்தாலும் மணிக்கு 218 ரூபாய். உட்கார்ந்த இடம், மேலே ஃபேன்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் பதினொன்றாம் தேதி, வரி கட்டும் 3பி ரிட்டர்ன் இருபதாம் தேதி. உங்கள் கம்பெனிக்கும் அதே தேதிதான். கம்பெனி வேலை மூச்சு முட்டும் அதே பத்து நாளில்தான் வெளி வேலையும் கழுத்தைப் பிடிக்கும். அதனால் மாதாந்திரம் ரிட்டர்ன் போடும் கடைகளைத் தொடாதீர்கள். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், காலாண்டுக்கு ஒரு முறை போடுபவர்கள், ஜிஎஸ்டியே இல்லாத அபார்ட்மெண்ட் சங்கம், சின்ன டிரஸ்ட், நர்சரி பள்ளி, இப்படிப் பாருங்கள். இவர்களுக்குப் பெரும்பாலான மாதங்களில் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் போதும்.

சேரும்போதே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில்லெல்லாம் ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும், தாமதத்தால் வரும் லேட் ஃபீ அவர்கள் பொறுப்பு. 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய் ஏறும். எழுதி வாங்காவிட்டால் அதை உங்கள் 1,200-ல் கழிப்பார்கள். போர்ட்டலில் உங்கள் மொபைல் நம்பரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஓடிபி முதலாளி போனுக்குத்தான் போக வேண்டும். கொஞ்சம் பழகிய பிறகு யாராவது ஒருவர், ‘சரக்கு வேண்டாம் தம்பி, பில் மட்டும் போட்டுக் கொடு, உனக்கும் ஒரு சதவீதம்’ என்பார். அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். போலி பில்லில் பிடிபடும்போது முதலாளி ஊரில் இருக்க மாட்டார், கணக்கு எழுதியவர்தான் இருப்பார்.

உங்கள் முதலாளியிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரில் ‘வேறு வேலை செய்யக் கூடாது’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ‘ஆபீஸ் நேரத்தில் செய்ய மாட்டேன், நம்முடைய பார்ட்டிகள் யாருக்கும் செய்ய மாட்டேன்’ என்ற இரண்டு வார்த்தை போதும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறைத்துச் செய்யலாம் என்று நினைத்தால், ஈரோடு மார்க்கெட்டில் ஒரு டீ குடிப்பதற்குள் விஷயம் அவர் காதுக்குப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். 2025-26 கணக்குப்படி புதிய முறையில் நாலு லட்சம் வரை வரியே கிடையாது, பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடியில் போய்விடும். உங்கள் சம்பளத்தில் நிலைக்கழிவு 75,000 போக, கணக்கு எழுதி வருடத்துக்கு வரும் 57,600-ஐச் சேர்த்தாலும் நாலு லட்சத்தைத் தொடவில்லை. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள். சம்பளக்காரர்களின் ஐடிஆர்-1 இனி ஒத்துவராது, தொழில் வருமானம் காட்டும் படிவத்தில் போட வேண்டும். மனைவி பெயரிலும் தனியாக ஒன்று போட்டு வையுங்கள்.

சீட்டுப் பணத்துக்கு வருவோம். கார்டுக்கு 48,000. மெஷினுக்கு 24,000. மூன்று மாத வீட்டுச் செலவாக 75,000-ஐ, நினைத்தால் உடைக்கக் கூடிய வங்கி டெபாசிட்டில் போடுங்கள். மீதி 33,000. இதைத் தொழிலில் போடாதீர்கள். 26,500 சம்பளம் என்பதால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ-யின் இப்போதுள்ள வரம்பான 21,000-ஐ நீங்கள் தாண்டியிருப்பீர்கள். கம்பெனியில் வேறு மருத்துவக் காப்பீடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஃபேமிலி பாலிசி எடுங்கள். அம்மாவைத் தனிப் பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே பாலிசியில் சேர்த்தால் அவர் வயதுக்கு பிரீமியம் எகிறும்.

மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். தையலில் இப்போதைவிட 3,500 கூடுதல், கணக்கு எழுதுவதில் 4,800, கார்டு வட்டி 1,982. 10,282 ரூபாய். உங்கள் நண்பர் காட்டும் இடத்தில் 1,80,000-க்கு வருவதாகச் சொல்வது 10,800. ஐந்நூறு ரூபாய் சொச்சம்தான் வித்தியாசம். இங்கே என்ன, ஒரே நாளில் வராது. நாலு கடை சேர ஆறேழு மாதம் பிடிக்கும், புது மெஷினில் கை பழக ஒரு மாதம். ஆடியில் ஆரம்பித்தால் சோர்ந்து போவீர்கள், ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே கூலி அட்டையை மாட்டிவிடுங்கள்.

எதிர்வீட்டில் மூன்று பிளவுஸுக்கு 750 ரூபாய் பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் போய்க் கேட்காதீர்கள், சண்டையாகிவிடும். அடுத்த பிளவுஸோடு அவர்கள் வரும்போது உங்கள் மனைவி நோட்டைத் திறந்தாலே போதும். அப்புறம், கனி மார்க்கெட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கணக்குப் பிரிவு ஆள் தனியாகப் போய் லைனிங் எடுத்தால் மெரூனுக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு ‘தான்’ துணி வாங்கி வந்துவிடுவார். அனுபவத்தில் சொல்கிறேன்.